பின்கட்டுக் கதவு

கண்டனூரில், பெரிய வீடொன்றின் வாடகைப் பகுதியில் நடக்கிறது அந்தக் குழந்தைகள் காப்பகம். சோதனைக்கு வந்திருக்கும் ஈஸ்வரி, பின்கட்டுக் கதவைத் தோளால் தள்ளிப் பார்க்கிறாள். பர்மாத் தேக்கு அசையவில்லை. கை அகலப் பூட்டு மட்டும் ஆடுகிறது. உள்முற்றத்தைச் சுற்றிய வளவின் வழவழத்த தரையில் பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் கிடக்கிறார்கள். அவர்களுக்கும் தெருவாசலுக்கும் நடுவே, குறுகிய நடையில், கேஸ் அடுப்பில் பால் காய்கிறது. பங்காளிக்கொரு பூட்டு என்று பிரிந்த வீடு இது. அடுப்படி வேறொருவர் பங்கு என்பதால் அடுப்பு நடைக்கு வந்துவிட்டது. அங்கே தீப்பிடித்தால் முன்வழி அடைபடும். மிஞ்சுவது இந்தக் கதவுதான். இதை அவசர வழி என்று காட்டித்தான் காப்பகத்துக்கு உரிமமும் வாங்கியிருக்கிறார்கள். “சாவி எங்க?” என்கிறாள். “மெட்ராசுல, மேடம். பங்காளி வீட்டுல கல்யாணம் காச்சின்னு வந்தாத்தான் தெறப்பாக,” என்கிறார் காப்பகத்தை நடத்தும் சகாய ஆண்டனி. “போன வருசம் வந்த சாரு இதப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாக.” “பாத்தாக. தெறந்து பாத்தாகளா?” அவர் சிரிக்கிறார். “இத்தன வருசமா ஒண்ணும் ஆகலையே, மேடம். காப்பி சாப்பிடுறீகளா?” ஈஸ்வரி நடைக்குப் போய் அடுப்பை அணைக்கிறாள். திரும்பி வந்து, ஓரத்தில் கிடக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்கிறாள். “மத்த பிள்ளைகள எழுப்புங்க, இந்தக் கதவு தெறக்குற வரைக்கும் உள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது. பெத்தவுகள வரச் சொல்லுங்க, ஏன்னு கேக்கட்டும். வாசல்ல நின்னு நீங்களே சொல்லுங்க, சாவி மெட்ராசுல இருக்குன்னு.”