காற்றில் விழுந்த மரம்

தாலுகா ஆபீசுக்குப் புதிதாக வந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களெல்லாம், பின்னாலிருந்து யாரோ மூச்சு விடுவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்கள். அது ஏனென்று வாட்ச்மேன் கொம்பையாவுக்குத் தெரியும். காற்றில் தானாக விழுந்த மரத்தில் செய்த சாமானைத்தான் இனி சர்க்கார் வாங்கும் என்று உத்தரவு வந்திருந்தது. நின்ற மருதமரத்தை இந்த பெஞ்சுக்காக வெட்டிச் சாய்த்துவிட்டு, விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று கைநாட்டு வைத்தவர் அவர். அதற்குக் கிடைத்ததுதான் இந்த வேலை. வெட்டுவதற்கு முந்தின நாள் மரத்தடியில் நின்று, அதில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்களை வேறு மரம் பார்த்துப் போகச் சொல்வது ஊர் வழக்கம். "நாலு பேரு காதுல விழுந்தா கெட்டுது வே" என்று பெஞ்சு கான்ட்ராக்டர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

மத்தியானம் ஆபீஸ் காலியானதும் கொம்பையா செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சின் முன்னால் நின்றார்.

"காத்துல விழல. நாங்கதான் வெட்டுனோம். இப்பவாவது வேற மரம் பாத்துப் போங்க."

"என்ன பெரியவரே, பெஞ்சுக்கிட்ட வாக்குமூலமா?" சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் கிளார்க் வேதவல்லி. சிரிப்பு பாதியில் நின்றது. "வெட்டுனீங்களா? விழுந்துச்சுன்னு கைநாட்டு வச்சது நீங்கதான?"

வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னார். "ஆமா தாயி. பொய்."

பாரம் இறங்கியதுபோல் பெஞ்சு முனகியது. இருவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். ரோடு வரைக்கும் சிமெண்டுத் தரை. ஒரு மரம் இல்லை.

கொம்பையாவின் பிடரியில் மூச்சு பட்டது.