நாலு பேர் மேசை

"நாலு பேர் மேசையில ஒரே ஆளு வாரா வாரம் ஜெயிக்கவே முடியாதுண்ணே. கள்ள ஆட்டம்லா இது!"

தர்ஷன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். லாரி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஹரிதாஸ் திரும்பவேயில்லை.

"போன்ல போக்கர் ஆடிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதடா."

"கேளுங்கண்ணே. ஏழெட்டு பேர் உக்காந்தா நல்ல சீட்டு வர்ற வரைக்கும் சும்மா ஆடாம மடிச்சிப் போட்டுட்டே இருக்கலாம். மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். நாலே பேருன்னா? கட்டாயமா பந்தயம் கட்டுற முறை சுத்திச் சுத்தி நம்மகிட்டயே வந்து நிக்கும். ஒண்ணுமில்லாத சீட்டுக்கும் எறங்கி ஆடணும். ஒரு வாரம் அள்ளுவோம், அடுத்த வாரம் தொடச்சிக்கிட்டுப் போவோம். மாயாண்டி அண்ணனுக்கு மட்டும் எறக்கமே இல்லியே, எப்படி?"

"அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம் இப்படிக் கோடு போட்ட மாதிரி வராதுண்ணே!"

ஹரிதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். தர்ஷனுக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது.

சிம்பாங் அம்பாட்டில் இருந்த அந்த லாரி யார்டில் நான்கு டிரைவர்கள். மூன்று பேர் பினாங்கு, ஜொகூர் என்று வாரம் முழுக்க ஓட வேண்டும். ஒருவர் மட்டும் யார்டில் நின்று சாமான் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து மணிக்கெல்லாம் வீடு. அந்த ஒருவர் யார் என்பதைச் சனிக்கிழமை மத்தியானம் சீட்டுதான் முடிவு செய்யும். ஆள் நின்றால் போதும் என்று முதலாளி இதில் தலையிடுவதில்லை.

இரண்டு மாதமாக அந்த ஒருவர் மாயாண்டிதான். லாரியோடு போய் சாமான் இறக்கும் கெலிண்டானாக இருந்தபோது தர்ஷன் இதை ஓரமாக நின்று பார்த்தவன். ஒரு டிரைவர் வேலையை விட்டுப் போனதில் இந்த வாரம்தான் அவனும் டிரைவர். மேசையில் அவனுக்கும் இடம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாச்சாங்கில் அகல்யா வீட்டுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும். போன தடவை ஜொகூரில் லாரி மாட்டிக்கொண்டு போகமுடியவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக அவள் அப்பா சொல்லிவிட்டார்.

"புதுச் சீட்டுக்கட்டு வாங்கியாந்திருக்கேன். நான்தான் கலைப்பேன்," என்றான் தர்ஷன், மேசையில் உட்கார்ந்ததும்.

"அடேங்கப்பா, கெந்திங் சூதாட்ட கிளப்லேருந்து ஆபீசர் வந்துட்டாரு லா!" என்று இன்னொரு டிரைவரான கணேஸ்வரன் சிரித்தான்.

"கலைடா தம்பி. எவன் கலைச்சாலும் சீட்டு எனக்குத்தான் வரும்," என்றார் மாயாண்டி.

பாட்டில் மூடிகளை வைத்துத்தான் ஆட்டம்; கடைசியில் யாரிடம் அதிக மூடியோ அவருக்கு யார்டு. தர்ஷன் மாயாண்டியின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் சீட்டை முகத்தோடு ஒட்டி மறைத்து மறைத்துப் பார்த்தார். ஹரிதாஸும் கணேஸ்வரனும் அடிக்கடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி ஆட்டம். நடுவில் திறந்து வைத்த ஐந்து சீட்டில் மூன்று, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின். தர்ஷனுக்கு இரண்டு ஜோடி சேர்ந்திருந்தது. மாயாண்டி தன் மூடிகள் எல்லாவற்றையும் முன்னால் தள்ளினார். கணேஸ்வரன் மடித்தான். ஹரிதாஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டு மடித்தார்.

தர்ஷன் அகல்யாவை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினான்.

"நடுவுல மூணு ஆட்டின், கையில ரெண்டு, அஞ்சும் ஒரே ஜாதி! ஃப்ளஷ்! கெளம்புங்கடா பினாங்குக்கு!"

மாயாண்டி சீட்டைப் போட்டுவிட்டு எழுந்தார். "முனியாயி, இந்த வாரமும் யார்டுதான்!" என்று போனில் மனைவியிடம் கத்திக்கொண்டே வாசலுக்குப் போனார்.

தர்ஷன் குனிந்து பார்த்தான். ஒன்றுதான் ஆட்டின். இன்னொன்று அதே சிவப்பில் டைமன்.

"பொய்யிண்ணே! ஃப்ளஷே இல்ல. நான்தான் ஜெயிச்சிருக்கேன்!"

ஹரிதாஸ் தன் சீட்டைக் கட்டுக்குள் செருகப் போனார். தர்ஷன் ஹரிதாஸ் மடித்த சீட்டைப் பிடுங்கித் திருப்பினான். இரண்டுமே ஆட்டின்.

"நெஜமான ஃப்ளஷ வச்சிக்கிட்டா மடிச்சீங்க? அப்ப மூணு பேரும் கூட்டு!"

"ரெண்டு பேரு," என்றார் ஹரிதாஸ், வாசலைப் பார்த்தபடியே. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்துருச்சு. கேட்டா, எனக்கென்னடா கொறைச்சல்னு சண்டைக்கு வர்றாரு. அண்ணி ஆஸ்பத்திரியில தேதி வாங்குற வரைக்கும் அவர ரோட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னுதான் நாங்க வாரா வாரம் தோத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் ஆணியில் தொங்கிய பினாங்கு லாரியின் சாவியை எடுத்து தர்ஷன் முன்னால் வைத்தார்.

"நீ ஜெயிச்சிட்ட. போ, நீயே அவரு கையில குடுத்துட்டு வா."