காலியாக வர வேண்டிய பட்டியல்

யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் கட்டற்ற கணினி இயங்குதளம் ஒன்றுக்கு, வைஃபை மென்பொருளை நிறுவத் தயாராகப் பொதி கட்டிக் கொடுக்கிறேன். சம்பளமில்லாத சுமைதூக்கி என்று அக்கா கேலி செய்வாள். வெளியிடுமுன், மடிக்கணினியில் சிக்னலைப் பிடிக்கும் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். நெட்வொர்க் பட்டியல் காலியாக வர வேண்டும்.

இன்று ஒரு பெயர் வந்தது: ‘சாப்டியாடா’. அக்கா தன் ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்திருந்த பெயர். அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

கூட வேலை செய்யும் நண்பனை ஃபோனில் கூப்பிட்டேன்.

“கார்டைக் கழட்ட மறந்திருப்ப.”

“இல்லடா, என் கையிலதான் இருக்கு.”

“அப்ப பழைய பேரு அழியாம நிக்குது. நிரல்ல ஒரே வரிதான், திருத்திட்டு அனுப்பு.”

“சரி” என்றேன்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடாக இருந்த சிக்னல் இரண்டானது. அந்த நிரல் வரியை நான் தொடவில்லை. மூன்றானபோது எழுந்துபோய் இருவருக்கு உலை வைத்தேன்.