முழுச் சோப்பு

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் போய் வெகுநேரமாகிவிட்டது.

எங்கள் அம்மா செல்லத்தாய் சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் உயிரெல்லாம் கொல்லையில் இருந்தது. அங்கே தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், எவர்சில்வர் மூடியில், ஒரு முழுச் சோப்பு நனைந்துகொண்டிருந்தது.

எங்கள் கொல்லைக்கு அப்படி ஒன்று அதுவரை வந்ததே இல்லை.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். அம்மா சோப்பு வாங்கி வந்த கையோடு அதை நூலால் நாலாக அறுப்பாள். மூன்று துண்டு தாளில் சுற்றிப் பரணுக்குப் போகும். ஒன்றுதான் கொல்லைக்கு வரும்.

அதையும் குளித்து முடித்ததும் தேங்காய் நாரின் மேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் அடிப்பக்கம் கரையும். படுக்க வைத்தவர் யார் என்று அம்மா எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். அவருக்கு மறுநாள் வெறுந்தண்ணீர்தான்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்யாணம் என்றால் மற்றப் பெண்கள் என்னென்னவோ நினைப்பார்கள். நான் நினைத்தது ஒன்றுதான். புதுச் சோப்பின் உறையைப் பிரித்து, அதன் முதுகில் இருக்கும் பெயரை முழுதாக ஒருதரம் வாசித்துவிட்டு, நான் மட்டும் தேய்த்துக் குளிக்க வேண்டும். எங்கள் வீட்டுத் துண்டுகளில் எழுத்து ஒன்றோ ஒன்றரையோதான் இருக்கும்.

அந்த ஆசையில்தான் போன ஐப்பசியில் மண் விழுந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கை கழுவப் போய் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். தரகர் ஐயாதுரையிடம் சொல்லியும் அனுப்பினார்கள். சோப்பையே அறுத்து வைக்கிறவர்கள் பெண்ணுக்கு என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. எனக்கு அவள்மேல் கோபம். அவளை அழவைத்தவர்கள்மேல் அதைவிடக் கோபம்.

அதனால்தான் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தத்துக்கு இந்த ஏற்பாடு. காலையிலேயே புதுச் சோப்பு வந்தது. அம்மா உறையைக் கிழியாமல் பிரித்தாள். பழைய துண்டு பரணுக்கு ஏறியது. தேங்காய் நாரைக்கூட விடவில்லை, தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். எங்களில் யாராவது புதுச் சோப்பைத் தொட்டால் விரலை ஒடித்துவிடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை குருசாமிக்கு வீடு அங்கே மடவார் வளாகத்தில். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. நகக்கண்ணில் மை இருந்தது. என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு வெட்கப்பட்டுத் தட்டிலிருந்த காராச்சேவையே பார்த்தார். சேவு தீர்ந்ததும், தட்டில் கிடந்த தூளையும் விரல் நுனியில் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த இடமும் தட்டிப் போகக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா காப்பித் தம்ளரை எடுக்கிற சாக்கில் என் காதுப்பக்கம் குனிந்தாள்.

"ஏட்டி அழகு, நூலு ஆணியிலயே கெடக்கு."

நான் கொல்லை வாசலைப் பார்த்தேன்.

சோப்பு அறுக்கிற நூல் அது. அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்தது. பிடித்து இழுக்க வாகாக இரண்டு நுனியிலும் ஒவ்வொரு குச்சி கட்டியிருக்கும். நூல் முழுக்கக் காய்ந்த சோப்பு அப்பியிருக்கும். தொட்டிக்கு நேர் மேலே, கண்ணுக்கு எதிரே, அதற்கென்றே ஓர் ஆணி. நாரை ஒளிக்கத் தெரிந்த அம்மா அதை எப்படி மறந்தாள் என்று தெரியவில்லை. தினமும் பார்க்கிற பொருள் கண்ணில் படாமல் போயிருக்கும்.

எழுந்து ஓடவும் முடியாது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே எழுந்து ஓடினால் அது வேறு பேச்சாகிவிடும்.

ஒருவழியாக மாப்பிள்ளையின் அம்மா வந்தார். முத்துப்பேச்சி என்று பெயர். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். எண்ணுகிற மாதிரி இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்பக் கெளம்புதோம். பொறவு சொல்லி அனுப்புதோம்" என்றார்.

அதே வார்த்தை. அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா கொல்லைக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

எவர்சில்வர் மூடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சோப்பைக் காணோம்.

தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த தேங்காய் நார் முன்னால் வந்திருந்தது. அதன் மேல் ஒரு துண்டுச் சோப்பு நிமிர்ந்து நின்றது. ஈரம் படாத சுவர்மாடத்தில், நாங்கள் காலையில் பிரித்துப் போட்ட அதே உறையில் சுற்றி, இன்னும் மூன்று துண்டுகள்.

நூல் அலசிய ஈரத்தோடு பழைய ஆணியில் தொங்கியது.

அம்மா நாலு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தாள்.

"என்னைய விடச் சமமா அறுத்திருக்காக" என்றாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது அவள் குரல். "உங்க அப்பாவ நாள் பாக்கச் சொல்லுட்டி."

ஒரு வருஷமாக அம்மாவின் முகத்தில் இல்லாத நிம்மதி திரும்பி வந்திருந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. குருசாமியின் மை படிந்த விரல்களை நினைத்துக்கொண்டே, நாரின் மேல் வைப்பதற்காக ஒரு துண்டைக் கையில் எடுத்தேன்.

அதில் ஒன்றரை எழுத்துதான் இருந்தது.