முன்னூற்றுப் பன்னிரண்டு

"முன்னூத்திப் பன்னிரண்டு! எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த மகள், நேரே அப்பாவின் அலமாரியைக் குடைந்தாள். சட்டைப் பையில் ஒரு மிட்டாய்த் தாள் அகப்பட்டது. அது போதாதா அவளுக்கு?

"இது என்ன?"

"அது போன மாசத்துது!" என்று சீறினார் அப்பா. முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து அடுத்தவர் திருட்டைப் பிடித்த மனுஷர். பெற்ற பெண்ணே தன்னைச் சோதனை போடுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

சர்க்கரை எவ்வளவு என்று போனில் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரே என்றுதான், போன வாரம் அந்தப் புதுக் கருவியை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் போதும், அளவு அவளுடைய போனுக்கே வந்துவிடும். வாரம் முழுக்க வந்ததெல்லாம் முன்னூற்றை ஒட்டித்தான். இன்று ஆபீஸ் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"மெஷின் பொய் சொல்லுதுடி! உன்னை எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

"ஆமா, நீங்க அரிச்சந்திரன்!"

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனவள், சர்க்கரை டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"ஐயோ, எனக்குக் காப்பிக்கு வேணுமேடி!" என்றாள் அம்மா, மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

"அவருக்குக் கண்ணு போனா நீதாம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். பேசாம இரு!"

அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம்தான் இத்தனை கத்தலும்.

முதலில் தன் விரலிலேயே குத்திப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு. "பாத்தீங்களா? மெஷின் நல்லாத்தான் இருக்கு. கையக் குடுங்க."

அப்பா கையைப் பின்னால் ஒளித்தார். ஊசி என்றால் இந்த வயதிலும் கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆள். மகள் விடவில்லை. புது ஊசி மாட்டி, கையை இழுத்துப் பிடித்துக் குத்தினாள். அவர் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

நூற்று முப்பத்தாறு.

"வெறும் வயித்துல முன்னூத்திப் பன்னிரண்டு, சாப்பிட்ட பிறகு நூத்தி முப்பத்தாறா? எப்படிப்பா?"

அப்பாவுக்கு இருந்த கோபமெல்லாம் முகத்திலிருந்து வடிந்து போயிற்று. மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பினார். அம்மா நாலாவது டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு நாள்கூட எனக்குக் குத்திக்கல," என்றார். "உங்கம்மாவுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேம்மா."