யானை நடந்த படம்

“முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது மேடம். இத்தனை வருஷம் பூனை மாதிரி நடந்ததுக்குக் கூலி.”

இன்றோடு ஓய்வு பெறும் ஆய்வக உதவியாளர் அவர். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அவர் நடந்த அதிர்வில்தான், வேர்களை ஆராயும் மேடத்தின் முதல் வீடியோ படம் கெட்டது என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர், யானை. அதன்பின் மைக்ராஸ்கோப் அறைக்குள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில்தான் வருவார்.

வேர் கீழ்நோக்கித்தானே வளரும்? அதனால் மைக்ராஸ்கோப்பையே பக்கவாட்டில் படுக்கவைத்து, நாள்கணக்கில் எடுத்த படம் அது. வேர்நுனியில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்துப் படம் திடுக்கென்று துள்ளும்.

“போறதுக்குள்ள அதை அழிச்சிடுங்க மேடம். நான் போனப்புறமும் புதுசா வர்ற பிள்ளைங்க போட்டுப் பார்த்துச் சிரிக்க வேணாம்.”

மேடத்துக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஒருமுறை ஓடவிட்டார். இருட்டறையில் ஒரே பிளாஸ்க் டீயைப் பங்குபோட்டுக்கொண்டு அந்த வேருக்குக் காவலிருந்த நாட்கள் யானையின் நினைவுக்கு வந்தன. பக்கத்துத் திரையில், இப்போது மைக்ராஸ்கோப்பில் இருக்கும் இன்றைய வேர் வளர்ந்துகொண்டிருந்தது.

இருவரையும் சாப்பிட அழைத்துப்போக வந்திருந்த மேடத்தின் மகள், மைக்ராஸ்கோப் மேஜையில் சாய்ந்து நின்றாள்.

“மாமா, இன்னிக்காவது ஷூ போட்டுத் தொம் தொம்னு நடங்களேன்.”

நடந்தார். அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. இன்றைய வேர் அசையவே இல்லை. மகள் சிரித்துக்கொண்டே மேஜையை ஓர் உதை விட்டாள். வேர் துள்ளியது, அச்சு அசல் பழைய படம் மாதிரியே.

மேடம் பழைய படத்தின் தேதியை உற்றுப் பார்த்தார். “அதே மேஜைதான். காலுக்குள்ள அடைச்ச காத்துல மிதக்குது, தரை அதிர்ந்தா ஆடாதுன்னு வித்தவன் தலையில அடிச்சுச் சொன்னான். நாமதான் நம்பல.”

“அப்போ ஆட்டினது யாரு?” என்றார் யானை.

“அன்னிக்கு மேஜைமேல வயிறு அழுந்தச் சாஞ்சு கிடந்தது நான். எனக்கு அப்போ எட்டாம் மாசம்.” மேடம் மகளின் பக்கம் திரும்பினார். “பொறக்கறதுக்கு முன்னாடியே உதைச்சிருக்கே. மாமாவுக்கு நீ ஒரு மன்னிப்பு பாக்கிடி.”