ஏரி நிறைய இடம்

தண்ணீர் வற்றிப் பல வருஷமான ஏரி அது. கூட்டத்தின் இரைச்சல் தாங்காத ஆமை ஒன்று, கொஞ்ச நாள் தனியாகத் தங்கலாம் என்று அங்கே வந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெடித்த தரை. எங்கே தங்கினாலும் ஒன்றுதான் என்பதாலேயே, இடம் தேடுவதில் பாதிப் பகல் போயிற்று. ஒருவழியாக உட்கார்ந்தபோது முள்ளெலி ஒன்று வந்து பக்கத்திலேயே படுத்தது.

“ஏம்ப்பா, இவ்வளவு பெரிய ஏரியில் இங்கேதான் இடம் கிடைத்ததா?”

“ஆள் இருக்கிற இடம் நல்ல இடமாகத்தானே இருக்கும், அண்ணே.”

ஆமை முனகிக்கொண்டே வெகுதூரம் நடந்துபோய் உட்கார்ந்தது. முள்ளெலி பின்னால் வரவில்லை. கேட்ட தனிமை கிடைத்துவிட்டது. ஆனால் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாலும் சரிப்படவில்லை, மேற்கே பார்த்தாலும் சரிப்படவில்லை. எதற்காக வந்தோம் என்று யோசித்தது. காரணம் நினைவிருந்தது, அதை நம்பத்தான் முடியவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தது.

“என்ன அண்ணே, அங்கே சரியில்லையா?”

“நீ இன்னும் போகவில்லையா? தள்ளிப் படு என்று சொல்லத்தான் வந்தேன்” என்ற ஆமை, முள் குத்தாத அளவுக்கு அதை ஒட்டி உட்கார்ந்தது.